ஸ்பீடுவினோ போட்ட எஸ்டீம்: ஸ்பார்க் வராதபோது எங்கே பார்ப்பது

2019 கடைசியில் என் பழைய மாருதி எஸ்டீமில் ஸ்பீடுவினோ என்ற ஈசியூவை, அதாவது இன்ஜினின் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியை, பொருத்தினேன். 1.3 லிட்டர், 16 வால்வு, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. கம்பெனி ஈசியூவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி போர்டு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. எஸ்டீம் வருவது 2007-லேயே நின்றுவிட்டதால் புதுசு எங்கும் இல்லை, சென்னை புதுப்பேட்டை வரை தேடிப் பார்த்ததில் கிடைத்த பழைய பெட்டிகள் எதையும் நம்பி வாங்க மனசு வரவில்லை. சரி, இப்படிப் போவோம் என்று இறங்கியதுதான்.

மைலேஜ் எப்படி, பிக்கப் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் நன்றாகவே இருக்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. இந்த மாதிரி வண்டி வழியில் நின்றால், பானெட்டைத் திறக்கிற எவரும் முதல் பழியை அந்தப் பெட்டி மேல்தான் போடுவார்கள். எங்கள் ஏரியா எலக்ட்ரீஷியன் ஒருவர், "அந்தப் பொட்டியக் கழட்டி வெச்சுட்டு கார்புரேட்டர் போட்டுக்குங்க தம்பி" என்றே சொல்லிவிட்டார். ஆனால் என் வண்டி ஸ்பார்க் இல்லாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருந்தது, அதைக் காட்டிக்கொடுத்ததும் அதே பெட்டிதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீடுவினோ என்பது ஆஸ்திரேலியாவின் ஜாஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஈசியூ, அதாவது அதன் டிசைனும் புரோகிராமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். உள்ளே இருப்பது ஆர்டுயினோ மெகா 2560 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு. கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் ஒன்று மாட்டியிருக்கிறேன், அதாவது 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று மட்டும் காலி. அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈசியூ கண்டுபிடிக்கிறது. பல்லைப் படிப்பது விஆர் சென்சார், காந்தமும் செப்புச் சுருளும் சேர்ந்தது, பல் கடக்கும்போது தானாகவே சின்னதாக ஒரு ஏசி வோல்டேஜ் தரும். இப்போது எந்த சிலிண்டரின் முறை என்று சொல்கிற கேம் சென்சாரை நான் பயன்படுத்தவில்லை, அதனால் வேஸ்டட் ஸ்பார்க், அதாவது ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் ஸ்பார்க் தரும். 1-4 சிலிண்டருக்கு ஒரு காயில், 2-3 சிலிண்டருக்கு ஒரு காயில்.

இந்த அமைப்பு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 1-லும் 4-லும் மட்டும் ஸ்பார்க் இல்லையென்றால் அந்தக் காயில், அதை இயக்குகிற டிரைவர் சர்க்யூட், இடையில் உள்ள வயர், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். நான்கிலும் இல்லையென்றால் காயிலை விட்டுவிட்டு பொதுவாக உள்ளதைப் பாருங்கள்: சப்ளை, எர்த், கிராங்க் சிக்னல்.

அப்புறம் பிளக்கைக் கழட்டிப் பாருங்கள், இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். செல்ஃப் அடித்த பிறகு பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் இன்ஜெக்டர் வேலை செய்திருக்கிறது, அப்படியென்றால் இன்ஜின் சுற்றுவது ஈசியூவுக்குத் தெரிந்திருக்கிறது, ஸ்பார்க் பக்கம் மட்டும் தேடினால் போதும். பிளக் காய்ந்து கிடந்து ஸ்பார்க்கும் இல்லை, பம்ப்பும் சாவி போட்டதும் சிறிது ஓடி நின்றுவிடுகிறது என்றால், சுற்றுவதே அதற்குத் தெரியவில்லை. இதைப் பார்க்காமல் காயில் மாற்றி, பிளக் மாற்றி, கடைசியில் போர்டையே மாற்றிய ஆட்கள் உண்டு. அந்தக் காசு எனக்கே வலிக்கிறது.

பொருத்திய புதிதில் வந்த முதல் பிரச்சனை சப்ளை. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எடுக்காது, சாவியை விடுகிற நொடியில் மட்டும் ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும். வயரிங் செய்தவர் ஈசியூவுக்கான 12 வோல்ட்டை மியூசிக் சிஸ்டம் போகிற லைனிலிருந்து எடுத்திருந்தார். சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது அந்த லைன் கட்டாகிவிடும், செல்ஃப் சுற்றும் நேரம் முழுக்க ஈசியூ உயிரோடவே இல்லை. லேப்டாப்பில் ஈசியூவோடு பேசுகிற டியூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடித்தால் அந்த நேரம் கனெக்‌ஷன் போவது கண்ணுக்கே தெரியும். ஸ்டார்ட் நிலையிலும் கட்டாகாத இக்னிஷன் வயரிலிருந்து ஒரு ரிலேயை இயக்கி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தனி லைன் இழுத்த பிறகு அது திரும்ப வரவில்லை.

உண்மையில் படுத்தியெடுத்தது அடுத்ததுதான். ஏப்ரல் மாத மத்தியானம், பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி, ஓடிக்கொண்டிருந்த வண்டி சுவிட்ச் ஆஃப் செய்த மாதிரி அணைந்தது. மிஸ்ஸிங் இல்லை, திணறல் இல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிளக் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது, லேப்டாப்பில் பேட்டரி வோல்டேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. ஆக கிராங்க் சிக்னல். புளிய மரத்தடியில் இன்ஜின் ஆறும்வரை நின்றேன், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றதும் சென்சார் போச்சு என்றுதான் எல்லோரும் சொல்வோம். புது சென்சார் வாங்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்தேன். வண்டியைச் சூடேற்றி, நின்றதும் ஈசியூ கனெக்டரைக் கழட்டி அதன் இரண்டு பின்னுக்கு நடுவில் ஓம் பார்த்தால் மீட்டர் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டுகிறது. அதே சூட்டோடு சென்சாரின் சொந்தப் பின்னில் வைத்தால் சில நூறு ஓம், ஆரோக்கியமாக இருக்கிறது. அப்படியானால் நடுவில் உள்ள வயர்தான். சூடான புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற துண்டில் ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டே லேசாக இழுத்தேன், மீட்டர் எண் குதித்தது. ஸ்லீவைப் பிளந்து பார்த்தால் மேல் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செப்பு இழைகள் கறுத்து அறுந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு இருந்தன. சூட்டில் தோல் இளகினால் நுனி பிரியும், ஆறினால் மறுபடி ஒட்டும்.

நாய்ஸை, அதாவது வெளியிலிருந்து வரும் வேண்டாத மின் சிக்னலைத் தடுக்க உலோக உறை போட்ட இரண்டு கோர் ஷீல்டு வயர் வாங்கி, மேனிஃபோல்டையும் பிளக் வயரையும் ஆல்டர்னேட்டரையும் விட்டு விலக்கி வேறு வழியாகக் கொண்டுபோனேன். ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடி நாய்ஸ் உள்ளே வந்துவிடும். வயர் மாற்றிய பிறகு, பல்லுக்குப் பல் ஆகிற நேரத்தைத் திரையில் காட்டுகிற டூத் லாகரைக் கட்டாயம் ஓடவிடுங்கள். 200 ஆர்பிஎம்மில் செல்ஃப் சுற்றும்போது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் கிட்டத்தட்ட 8 மில்லிசெகண்ட், காலி இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. திரையில் ஏறக்குறைய ஒரே உயரக் கோடுகள், சுற்றுக்கு ஒன்று மட்டும் இரட்டை உயரம், இப்படி வந்தால் நிம்மதியாகப் பானெட்டை மூடலாம். விஆர் சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தால் சில வண்டி ஸ்டார்ட்கூட ஆகும், ஆனால் காலி இடத்தை ஒட்டிய கோடுகள் கோணலாக வரும், ஆர்பிஎம் ஏற ஏற சிங்க் போகும், அதாவது கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது ஈசியூவுக்குத் தவறிவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒருமுறை சர்வீஸில், நாய்ஸைக் குறைக்கிற ரெசிஸ்டர் உள்ளே இல்லாத பிளக் மாட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து ஆர்பிஎம் காட்டி கண்டபடி குதித்தது, நடுநடுவே ஈசியூ ரீசெட் ஆனது. என்ஜிகே பிளக் என்றால் எண்ணில் ஆர் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காயில் அவுட்புட்டில் கோயிங் ஹை, கோயிங் லோ என்று ஒரு செட்டிங் உண்டு. அது தலைகீழாக இருந்தால் காயில் சும்மா இருக்க வேண்டிய நேரமெல்லாம் கரண்ட் ஓடி, சாவி போட்டு வைத்த சில நிமிடத்திலேயே தொட முடியாத அளவு கொதிக்கும், கவனிக்காவிட்டால் டிரைவரும் போகும். புது செட்டிங் ஏற்றும்போதெல்லாம் காயில் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஏற்றுவதே நல்லது.

வாங்கலாமா என்றால், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்து, லேப்டாப்பை வண்டியிலேயே வைத்திருக்கத் தயாராக இருப்பவர் தாராளமாக வாங்கலாம். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு சாயங்காலம் எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு வேண்டாம், கடையில் உள்ள ஸ்கேனர் எதுவும் இதனோடு பேசாது, பெரும்பாலானவர்கள் தொடவே மாட்டார்கள். நான் அடுத்து விஆரை எடுத்துவிட்டு, காந்தப்புலத்தை உணர்கிற ஹால் சென்சாருக்குப் போகிறேன், செல்ஃப் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அதன் சிக்னல் உயரம் குறையாது. அதற்கு சப்ளையும் சேர்த்து மூன்று வயர் வேண்டும், போர்டில் ஜம்பர் என்கிற சின்ன இணைப்பை மாற்ற வேண்டும். மூன்று கோர் ஷீல்டு வயர் வாங்கியாயிற்று, பிராக்கெட் மட்டும் லேத்தில் இருக்கிறது.