குன்னூரில் கேம் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? பெட்டி மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள்

குன்னூரில் செகண்ட் ஹேண்ட் கேம் டிஸ்க் எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே கடையைத்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும் வழியில், மாடியில் இருக்கிறது. முன்பாதி செல்போன் சர்வீஸ், பின்பாதி முழுக்க பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களுக்கான (டிவியில் இணைத்து ஆடும் கருவிகள்) டிஸ்க்குகள். பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை, அந்தப் பக்கம் போய் டிஸ்க் கடை என்று கேட்டாலே கை காட்டுவார்கள். கோயம்புத்தூரை விட மலிவு என்று சொல்ல மாட்டேன், சில டிஸ்க்குக்கு நூறு இருநூறு கூடத்தான் இருக்கும். அப்படியும் நான் அங்கேயே வாங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு பெட்டியிலும் அவர் ஒட்டி வைக்கும் சீட்டு.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து நீலப் பேனாவில் எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார். ஸ்பைரோ ரீஇக்னைட்டட் ட்ரிலஜி பெட்டியில் இப்படி இருக்கிறது: "டிஸ்க்கில் பாகம் 1 தான். 2, 3 டவுன்லோடு. நெட் இல்லாட்டி எடுக்காதீங்க." அவ்வளவுதான். ஆனால் 2018இல் இந்தத் தொகுப்பு வெளிவந்தபோது மூன்று கேம் என்று பெரிதாகப் போட்டு விற்ற பெட்டியைப் பார்த்து, உள்ளே ஒன்றுதான் முழுசாக இருக்கிறது என்று எத்தனை பேர் புரிந்துகொண்டிருப்பார்கள்? இதே ஆக்டிவிஷன் நிறுவனம் அதற்கு முந்தைய வருடம், 2017இல், க்ராஷ் பேண்டிகூட் என். சேன் ட்ரிலஜியை வெளியிட்டபோது மூன்று பாகத்தையும் டிஸ்க்கிலேயே கொடுத்தது. செய்ய முடியாத காரியம் இல்லை, ஒரு வருடம் முன்பு அவர்களே செய்து காட்டியதுதான். கடையில் இரண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, விலை கிட்டத்தட்ட ஒன்று, சீட்டைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இங்கே அப்படி இல்லை. அருவங்காட்டில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது, சரி, ஆனால் ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்து வயரை இழுத்துக்கொண்டு போனால் திரும்ப எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை மொபைல் டேட்டாதான் கதி. ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் 2014இல் வந்தபோது டிஸ்க்கில் 45 ஜிபி, முதல் நாளே இறக்க வேண்டிய அப்டேட் குறைந்தது 15 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவர் வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் காசு சேர்த்து வந்து வாங்குகிறார்கள், கட்டபெட்டு பக்கமிருந்தும் வருகிறார்கள். வீட்டுக்குப் போய் டிஸ்க்கைப் போட்டதும் "இணையத்துடன் இணைக்கவும்" என்று திரையில் வந்தால் அந்தக் காசு முடங்கிப் போன காசு. இதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டியது கேம் நிறுவனங்களின் கடமை. அதைச் செய்யாததால் குன்னூரில் ஒருவர் பேனாவும் செல்லோடேப்பும் வைத்துக்கொண்டு செய்கிறார்.

சீட்டில் இன்னொரு தகவலும் இருக்கும்: தொகுப்பில் எது விடுபட்டிருக்கிறது என்று. அன்சார்ட்டட் நேதன் டிரேக் கலெக்‌ஷனில் (2015) மூன்று கதையும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன, ஆனால் பழைய 2, 3ஆம் பாகங்களில் இருந்த ஆன்லைன் ஆட்டம் கிடையாது. மாஸ் எஃபெக்ட் லெஜெண்டரி எடிஷனும் (2021) அப்படியே, மூன்றாம் பாகத்தின் மல்டிப்ளேயர் (பலர் சேர்ந்து ஆடும் பகுதி) இல்லை, பினக்கிள் ஸ்டேஷன் என்ற துணைப் பகுதியும் மூல நிரல் கெட்டுப்போனதால் சேர்க்கப்படவில்லை. இருந்தாலும் அந்தத் தொகுப்பை நான் மனதாரப் பாராட்டுவேன். 2012இல் மூன்றாம் பாகம் வெளியான அன்றே ஃப்ரம் ஆஷஸ் என்ற டி.எல்.சி.யை (கேமோடு தனியாக இறக்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) சாதாரணப் பதிப்பு வாங்கியவர்களுக்குத் தனிக் காசுக்கு விற்றார்கள், கதைக்கு அவ்வளவு முக்கியமான ஒரு கதாபாத்திரம் அதில்தான் இருந்தார். இப்போது அதெல்லாம் உள்ளேயே வருகிறது. தொடரைப் புதிதாகத் தொடங்குபவர் ஒரே பெட்டியில் தொடங்கி முடிக்கலாம். தொகுப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எந்தப் பாகத்தை முதலில் ஆடுவது என்பதும் அந்தச் சீட்டில் உண்டு. கிங்டம் ஹார்ட்ஸ் என்ற தொடரை வாங்கப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. 1.5+2.5 ரீமிக்ஸ் என்று ஒரு பெட்டி, 2.8 என்று இன்னொன்று, அப்புறம் 2019இல் 3. இரண்டாம் பாகம் எங்கே என்று தேடினால் அது 1.5+2.5க்குள் இருக்கிறது. அதே பெட்டியில் சில பாகங்கள் ஆடவே முடியாத, வெறும் காட்சித் தொகுப்பாக வருகின்றன. என் தங்கை 3-ஐ எடுக்கப் போனபோது கடைக்கார அண்ணன் அவள் கையிலிருந்து வாங்கி, "பாப்பா, இதை முதல்ல ஆடினா ஒண்ணும் புரியாது, அதை எடுத்துக்கோ" என்று விலை குறைந்த பெட்டியைக் கொடுத்தார். கூடக் காசு வரும் வியாபாரத்தை அவரே விட்டார்.

விலையைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1997இல் ஃபைனல் ஃபேண்டசி 7 மூன்று டிஸ்க்கில் வந்தது, ஆனால் அது ஒரு கேம், ஒரு விலை. இப்போது அதே கதையை மூன்று கேமாகப் பிரித்து, 2020இல் ரீமேக், 2024இல் ரீபர்த் என்று ஒவ்வொன்றையும் முழு விலைக்கு விற்கிறார்கள். உழைப்பு குறைவு என்று சொல்லவில்லை, ரீபர்த் பிரமாண்டமான கேம்தான். ஆனால் 2020 பெட்டியின் பெயரில் முதல் பாகம் என்று ஒரு எண்கூடக் கிடையாது, வெறும் ரீமேக். முழுக் கதையும் கிடைக்கப் போகிறது என்று நம்பி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அண்ணனின் சீட்டில் "கதை முடியாது, 3இல் 1" என்று இருக்கிறது.

சரி, டிஜிட்டலில் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பிசி வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை நல்ல வழி என்பதை மறுக்க மாட்டேன். 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், தொடரின் சில பாகங்கள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் பண்டில் (மொத்தத் தொகுப்பு) விலையில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வாங்குகிறார்கள், 14 நாளுக்குள் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். நியாயமான முறை. கன்சோல் கதை வேறு. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலை எடுத்தவர்கள் இந்தக் கடைப் படியை ஏறிப் பயனில்லை. அப்போது சோனியின் சொந்த பிஎஸ்5 கேம்கள் சில 4,999 ரூபாய்க்கு வந்தன. டிஸ்க்கில் வாங்கி ஆடி முடித்துத் திரும்ப விற்றுவந்தாலே அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். டிஜிட்டலில் ஆடி முடித்ததை யாருக்கும் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, அது வெறும் உரிமம்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரிலும் வர வேண்டும்.

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் கிடையாது. ஆன்லைனில் மட்டுமே ஆடக்கூடிய தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடியது. டிஸ்க் இருக்கிறது, ஆட முடியாது. ஸ்டாக்கில் இருந்த பெட்டிகளை அண்ணன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், கேட்டாலும் விற்பதில்லை. டி.எல்.சி. கோடு (ஒரே முறை பயன்படும் ரகசிய எண்) அச்சிட்ட அட்டையோடு வரும் பெட்டிகளிலும் இதே கறார், கோடு பயன்படுத்தியது என்றால் அட்டையை எடுத்துவிட்டு விலையையும் குறைத்துவிடுவார். போன வருடம் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் "முழுத் தொகுப்பு" என்று பார்த்து வாங்கிய பெட்டியில் எனக்கு வந்தது ஏற்கெனவே சுரண்டப்பட்ட கோடு. புகார் கொடுத்து மாதக் கணக்காகியும் பதிலே இல்லை.

இவ்வளவு சரக்கு எங்கிருந்து வருகிறது என்றால், பாதிக்கு மேல் பக்கத்து ராணுவக் கன்டோன்மென்ட்டான வெலிங்டனிலிருந்து. ராணுவக் குடும்பங்கள் மாற்றலாகும்போது சாமானைக் குறைக்க டிஸ்க்குகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே இருக்கும் ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் படிப்பு முடிந்து அதிகாரிகள் கிளம்பும் சமயத்தில் போனால் நல்ல தொகுப்புகள் கிடைக்கும். பெட்டிகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது, இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு அட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் விலை ரொம்பக் குறைவு, அவர் விற்கும் விலையில் பாதிகூட வராது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலின் கேம் வைப்பதே இல்லை. டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க ஒரே ஒரு பிஎஸ்4தான் இருக்கிறது, பிஎஸ்5 டிஸ்க் என்றால் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பதோடு சரி. மூன்று நாளுக்குள் ஓடவில்லை என்றால் மாற்றித் தருவார், ஆனால் அதற்கு பில் எதுவும் கொடுப்பதில்லை, முகத்தை ஞாபகம் வைத்திருப்பார். குடும்பத்தோடு போனால் நிற்க இடமிருக்காது, படியும் செங்குத்து.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்குத் திறக்கிறார். கார்டு மெஷின் இல்லை, ஜிபே உண்டு, மழை நாளில் அந்த மாடியில் சிக்னல் நிற்காது என்பதால் பணமாகவே கொண்டு போங்கள்.