செகண்ட் ஹேண்ட் வீடியோ கேமரா வாங்குகிறீர்களா? கடைக்காரர் போட்டு வைத்த செட்டிங்கை முதலில் அணையுங்கள்

பழைய கேமரா வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வீடியோகிராபர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். லென்ஸில் பங்கஸ் (பூஞ்சை), படத்தைப் பதியும் சென்சாரில் புள்ளி. இந்த இரண்டும் இருக்கும் ஒரு கேமராவை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், மெனுவில் சில எண்களை மாற்றியே புதுசு போலக் காட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 78,000 ரூபாய். கடை சென்னையில். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. இந்த வித்தைக்குப் பத்து நிமிஷம் போதும், எந்தக் கடையிலும் செய்யலாம்.

கேமரா சோனி என்எக்ஸ் 100. கல்யாண வேலை பார்க்கிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை: ஒரு இஞ்ச் சென்சார், 12 எக்ஸ் ஜூம், உள்ளேயே என்டி பில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி), இரண்டு எஸ்டி கார்டு. அந்த மாடல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல உழைப்பாளி. கடையில் ஜூமை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இரண்டிலும் மைக் செருகிக் கேட்டேன். இரண்டு கார்டிலும் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. படத்தைக் காட்ட ஒரு மேஜை தனியாக வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பூங்கொத்து, தலையாட்டி பொம்மை, பின்னால் மஞ்சள் துணி, இரண்டு பக்கமும் எல்இடி பேனல், எச்டிஎம்ஐ வழியாகப் பெரிய டிவி. படம் அப்படிப் பளிச்சென்று இருந்தது. அந்த மேஜையில் கருப்பாக ஒரு பொருள்கூடக் கிடையாது. வெளிச்சம் குறைந்த மூலையும் கிடையாது.

கோளாறு தெரிந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில். எடிட் பண்ணுகிற தம்பி போன் பண்ணினான். "அண்ணே, மாப்பிள்ளை முடி, கோட்டு, பின்னாடி ஸ்கிரீன் எல்லாம் ஒரே கருப்பு உருண்டையா இருக்கு. இழுத்தா ஒண்ணுமே வரல." எடியஸ் எடிட்டிங் சாப்ட்வேரில் வேவ்பார்ம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) போட்டுக் காட்டினான். இருட்டுப் பகுதி முழுக்க அடிக்கோட்டில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. இந்தக் கேமரா பதிவது 8 பிட், 4:2:0, அதாவது நிறத் தகவல் குறைவான பதிவு. கேமராவிலேயே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்ட கருப்புக்குள் எடிட்டிங்கில் தேடி எடுக்க எதுவும் இருக்காது. பெண்ணின் அரக்குப் பட்டு மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்பாக அப்பிக் கிடந்தது. ஜரிகை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. பெண் வீட்டார் பேசிய தொகையில் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட முடியுமா? பட்டுக்குக் கொடுத்த காசு அவர்களுக்குத்தானே தெரியும்.

மெனுவைத் திறந்து பார்த்தேன். பிக்சர் புரொஃபைலில் (படத்தின் கருப்பு, நிறம், கூர்மையை மாற்றும் செட்டிங் தொகுப்பு) கருப்பின் அளவைத் தீர்மானிக்கும் பிளாக் லெவல் மைனஸ் 15-ல் நின்றது. அதற்குக் கீழே போகாது. இருட்டுப் பகுதியின் வெளிச்சத்தை மாற்றும் பிளாக் காமாவும் இறக்கப்பட்டிருந்தது. சாச்சுரேஷன் ஏறியிருந்தது, டீடெயில் உச்சத்தில். ஏஜிசி லிமிட்டை (சிக்னலைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் கெயின் ஆட்டோவில் எதுவரை ஏறலாம் என்ற வரம்பு) மிகக் குறைவாகக் கட்டி வைத்திருந்தார்கள், அதனால் ஆட்டோவில் கெயின் ஏறவே ஏறாது. எல்சிடி பிரைட்னஸ் மட்டும் தூக்கலாக. முதலில் எவனோ தெரியாத பையன் கன்னாபின்னாவென்று திருகி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். புரொஃபைலை ஆஃப் செய்த பிறகுதான் ஒவ்வொரு எண்ணும் எதற்காக அங்கே இருந்தது என்று விளங்கியது.

லென்ஸுக்குள் பங்கஸோ புகைப்படலமோ இருந்தால் வெளிச்சம் உள்ளே சிதறும். சிதறிய வெளிச்சம் படம் முழுக்கப் பரவும்போது கருப்பு கருப்பாக இருக்காது, பால் கலந்தது போல வெளிறும். நிறம் மங்கும். விளிம்புகள் சொதசொதவென்று இருக்கும். இதை மறைக்க என்ன செய்ய வேண்டும்? வெளிறிய கருப்பைப் பிளாக் லெவலால் கீழே அமுக்கு. மங்கிய நிறத்தைச் சாச்சுரேஷனால் ஏற்று. போன கூர்மைக்குப் பதிலாக டீடெயிலால் ஓரங்களில் கோடு போடு. அச்சு அசலாக இதையேதான் செய்திருந்தார்கள். வேலை தெரிந்த ஆள் போட்ட செட்டிங், அதில் சந்தேகமில்லை. அந்தத் திறமையை லென்ஸைச் சுத்தம் செய்வதில் காட்டியிருக்கலாம்.

சென்சார் புள்ளியின் கதையும் இதுதான். கெட்டுப்போன பிக்சல்கள் கெயின் ஏறும்போதும் கேமரா சூடாகும்போதும்தான் வெள்ளையாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் மினுக்கும். கெயின் ஏறாதபடி லிமிட் போட்டுவிட்டால் பாதி மறையும். மிச்சத்தை அமுக்கிய கருப்பு விழுங்கிவிடும். லிமிட்டை எடுத்துவிட்டு, லென்ஸ் மூடியைப் போட்டு, கெயினை 24 டிபி வைத்தேன். மானிட்டரில் நட்சத்திரம் பூத்தது. புரொஃபைல் இல்லாமல் வீடியோ லைட்டுக்கு எதிரே கேமராவைத் திருப்பினால் படம் முழுக்கப் பனிமூட்டம். சர்வீஸ் பார்ப்பவர் டார்ச் அடித்து உள் கண்ணாடியில் வலை பின்னியிருந்த பங்கஸைக் காட்டினார்.

எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை.

"அண்ணே, நான் குடுத்தப்ப படம் எப்படி இருந்துச்சு? உங்க கண்ணாலதானே பாத்தீங்க? நீங்க செட்டிங்கை ரீசெட் பண்ணிட்டு வந்து படம் நல்லால்லன்னா நான் என்ன பண்றது?"

லென்ஸில் பங்கஸ் இருக்கிறதே என்றேன். "பழைய சாமான் அண்ணே, தூசி தும்பு இருக்கத்தான் செய்யும். 2,500 குடுங்க, பழைய செட்டிங்கையே திருப்பிப் போட்டுத் தர்றேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்தார். ஒரு நோட்டுப் பக்கத்தின் போட்டோ. பேனாவால் எழுதிய பட்டியலில் என்எக்ஸ் 100-க்கு நேராக மைனஸ் 15. கீழே இன்னும் இரண்டு மூன்று மாடல்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எண்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். கேமராவைத் திரும்ப எடுத்துக்கொள்வதென்றால் 40,000 தருவாராம். மறுத்துவிட்டு வந்தேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்ய வேண்டியது பிக்சர் புரொஃபைலை ஆஃப் செய்வது. பானசோனிக் என்றால் அது சீன் பைல் என்ற பெயரில் இருக்கும், அதை ஆரம்ப நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஏஜிசி லிமிட் இருந்தால் எடுத்துவிடுங்கள். "ரீசெட் பண்ணாதீங்க, செட்டிங் போயிடும்" என்று கடைக்காரர் பதறினால் அங்கேயே கிளம்பிவிடலாம். அதன்பின் லென்ஸை மூடிக் கெயினை முழுக்க ஏற்றி, கேமராவின் சின்ன எல்சிடியில் பார்க்காமல் டிவியில் பாருங்கள். நேரம் கொடுத்துக் கேமரா சூடான பிறகும் இன்னொரு தடவை பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம். சோனியின் சில மாடல்களில் ஏபிஆர் என்று ஒரு வசதி உண்டு, மூடி போட்டு அதை ஓட்டினால் கெட்ட பிக்சலைக் கேமராவே சரிசெய்துகொள்ளும். கொத்தாக இருந்தால் வேண்டாம்.

லென்ஸுக்கு நான் இப்போது செய்வது: ஒரு கருப்புத் துணியும் ஒரு டார்ச்சும் கொண்டுபோகிறேன். துணியைப் பிரேமில் வைத்து, டார்ச்சைப் பிரேமுக்குச் சற்று வெளியிலிருந்து லென்ஸ் மேல் விழும்படி அடிக்க வேண்டும். கருப்பு கொஞ்சம் வெளிறுவது இயல்பு. சாம்பலாகிவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஐரிஸை (லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துவாரம்) முழுக்கத் திறந்து, மூடி மாட்டும் இடத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்தும் உள்ளே பாருங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேமராவில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் பங்கஸ் வளரும், சிலிக்கா ஜெல் போடாமல் பையில் மூடி வைத்த கேமராவென்றால் சொல்லவே வேண்டாம்.

பில் விஷயம். எனக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. நல்லவேளையாகப் பணம் யுபிஐயில் போனது, அந்தப் பதிவு கையில் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கடைக்காரர் மிரட்டினார். 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் அப்படிச் சொல்லவில்லை: சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் தானே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. கேமராவைத் தோளில் போட்டு நாமே படம் எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பொருந்தும் என்ற அடிப்படையில்தான் புகார் கொடுத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதல் புகார், அது பலிக்காததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

புரொஃபைல் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று என ஒரே இடத்தில் எடுத்த இரண்டு கிளிப்பும் என்னிடம் இருக்கின்றன. என்எக்ஸ் 100 பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.