தைராக்சின் மாத்திரை: காலைக் காபிக்கு முன்னா, இரவு உறங்கப்போகும் முன்னா?

தைராய்டு சுரப்புக் குறைவுக்காகப் பதினோரு ஆண்டுகளாக நான் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் அதிகாலையில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக இரவு உறங்கப்போகும் முன் எடுத்துக்கொள்கிறேன். நேரத்தை மாற்றியது தெரிந்ததிலிருந்து, இதே மாத்திரையைச் சாப்பிடும் தோழிகளும் உறவினர்களும் எது நல்லது என்று கேட்காத மாதம் இல்லை. எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது; அந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. எனவே இது ஓரிரு வீடுகளின் கேள்வி அன்று. நான் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியை. இந்தக் கேள்விக்காக நடந்த ஆய்வுகளைப் படித்ததிலும், என் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததிலும், என் உடம்பில் கண்டதிலும் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு முறைக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையும் அளவும் விலையும் ஒன்றே. இரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆவதால், காலையில் விழுங்கியது மாலைக்குள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இரவில் எடுத்தால் தூக்கம் கெடும் என்று பலர் சொல்வதற்கும் இதே பதில்தான். மருந்தின் அளவு கூடிப்போனால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ஆனால் எந்த நேரத்தில் எடுத்தாலும் அவை வரும்.

வேறுபாடு முழுவதும் வயிற்றில்தான் இருக்கிறது. தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது; வயிறு வெறுமையாக இருக்கும்போதுகூட விழுங்கியதில் 60 முதல் 80 சதவீதம்தான் உடம்புக்குள் சேரும். உணவு, காபி, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றில் எது உடன் சேர்ந்தாலும் அந்தப் பங்கு இன்னும் குறையும். காபி தைராக்சினைத் தடுக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மருந்தின் அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராக்சின் போதாதபோது இரத்தத்தில் ஏறும்) இறங்காத சில நோயாளிகள், மாத்திரையை விழுங்கிய கையோடு எஸ்பிரெஸோ குடிப்பவர்களாக இருந்தார்கள். அதைப் படித்தபோது என் வீட்டுச் சமையலறைதான் என் கண்முன் வந்தது.

எங்கள் ஊர் கும்பகோணம். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் மாத்திரையை விழுங்குவேன். முதல் நாள் இரவே போட்டு வைத்த டிக்காக்‌ஷன் ஃபில்டரின் அடித்தட்டில் இறங்கி நிற்கும். அடுப்பில் பால் பொங்கும். ஏழே காலுக்குப் பேருந்து, அதற்குள் மூன்று பேருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். மருத்துவர் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருந்தார். உண்மையில் என்ன நடந்ததென்றால், வாரத்தில் இரண்டு நாட்கள் ஒரு மணி நேரமும், மூன்று நாட்கள் அரை மணி நேரமும், மற்ற நாட்களில் வீட்டில் யாராவது டபராவை நீட்டினால் பத்து நிமிடமும்தான் இடைவெளி இருந்தது. விரத நாளில் சரியாக நடக்கும், பள்ளித் தேர்வு நாளில் நடக்காது. ஒவ்வொரு பரிசோதனையிலும் டி.எஸ்.எச். ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் 75 மைக்ரோகிராம் 88 ஆகி, பின்னர் 100 ஆயிற்று. அளவு போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன்.

இரவில் எடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நெதர்லாந்து ஆய்விலிருந்து வந்தது. ராட்டர்டாமில் நடந்து 2010-இல் வெளியான அந்த ஆய்வில் 105 பேர் சேர்ந்து 90 பேர் முடித்தார்கள். ஒவ்வொருவரும் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நாளுக்கு இரண்டு மருந்துக் குளிகைகள் விழுங்கினார்கள். அவற்றில் ஒன்றில்தான் தைராக்சின் இருந்தது, மற்றது மருந்தில்லாத வெற்றுக் குளிகை. எதில் மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். இரவில் மருந்து எடுத்த காலத்தில் டி.எஸ்.எச். சராசரியாக 1.25 குறைவாக இருந்தது. தைராய்டு ஹார்மோன்கள் சற்றுக் கூடியிருந்தன. இரவில் குடல் மெதுவாக அசைவதும் வயிற்றில் அமிலம் கூடுதலாகச் சுரப்பதும் காரணமாகலாம் என்று சொல்லப்படுகிறது. களைப்பு, மனநிலை போன்றவற்றில் நோயாளிகள் தாங்களாக எந்த வேறுபாட்டையும் உணரவில்லை என்பதையும் அந்த ஆய்வு மறைக்காமல் சொல்கிறது. இரவுக்கு மாறினால் உடம்பு புத்துணர்வு பெறும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் தீர்ப்பு எளிது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2009-இல், அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அதில் 65 பேர் சேர்ந்தார்கள்; வெறும் வயிற்றில், காலை உணவோடு, இரவு படுக்கும் முன் என்று மூன்று முறைகளையும் எட்டு எட்டு வாரம் மாறி மாறிப் பின்பற்றினார்கள். வெறும் வயிற்றில் எடுத்தபோது டி.எஸ்.எச். சராசரி 1.06, இரவில் 2.19, காலை உணவோடு எடுத்தபோது 2.93. அதாவது, ஒழுங்காகப் பட்டினி காத்த காலைதான் அங்கே வென்றது, இரவு இரண்டாமிடம்தான் பெற்றது. மூன்றாவதாக, ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 152 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் இரண்டு முறைகளும் ஏறத்தாழ சமமாகவே பலன் தந்ததாகக் கண்டது.

மூன்று ஆய்வுகள் மூன்று விடை சொல்வதுபோல் முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் இடைவெளி கண்ணில் பட்டது. நெதர்லாந்து ஆய்வில் காலை மாத்திரைக்கும் உணவுக்கும் நடுவே அரை மணி நேரம்தான் கேட்டிருந்தார்கள். அமெரிக்க ஆய்வில் வெறும் வயிறு என்றால் குறைந்தது ஒரு மணி நேரம். நெதர்லாந்துக்காரர்கள் மாலை ஆறு மணியளவிலேயே இரவு உணவை முடித்துவிடும் வழக்கமுள்ளவர்கள், ஆகவே படுக்கும்போது அவர்களுடைய வயிறு நன்றாகவே காலியாகியிருக்கும். இது என் ஊகம்தான், ஆனாலும் பொருந்தி வருகிறது. கடிகாரம் காட்டும் நேரத்தைவிட, அந்த நேரத்தில் வயிறு எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் இரண்டையும் ஏற்கிறது: காலை என்றால் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இரவு என்றால் கடைசி உணவுக்கு மூன்று மணி நேரம் அல்லது அதற்கும் மேல் கழித்து.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு இரவு மாத்திரை, காலை உணவோடு எடுப்பதைவிட ஒன்றும் மேலானதாக இருக்க வாய்ப்பில்லை. நான் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன். விடைத்தாள் திருத்திவிட்டுப் படுக்க எப்படியும் பத்தே முக்கால் ஆகிவிடும். இதைவிடக் கடினமாக இருந்தது பால். எங்கள் வீட்டில் படுக்கும் முன் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் குடிப்பது என் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். பால் தைராக்சினை உறிஞ்சவிடாமல் ஓரளவு தடுக்கிறது என்று பத்துப் பேரிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. தடுப்பு பெரிதில்லை என்றாலும் நாள்தோறும் நடக்கும் காரியம் என்பதால் நான் என் பங்குப் பாலை மாலை நான்கரைக்கு மாற்றிக்கொண்டேன். இரவு மாத்திரையைப் பற்றிப் பேசுபவர்கள் காபியிலிருந்து கிடைக்கும் விடுதலையைத்தான் சொல்கிறார்கள். பாலைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு, இரும்புச்சத்து மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இரண்டுக்கும் தைராக்சினுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். அவற்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொல்லியிருந்தால், தைராக்சினையும் இரவுக்குக் கொண்டுவருவது இருக்கிற சிக்கலைக் கூட்டும். நான் இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்கு நகர்த்தினேன்.

நேரத்தை மாற்றிச் சரிசெய்ய முடியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமித் தொற்றும் அதனால் இரைப்பை அழற்சியும் இருப்பவர்களுக்குத் தைராக்சின் தேவை 22 முதல் 34 சதவீதம் வரை கூடுகிறது என்று இத்தாலியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது; தொற்றைக் குணப்படுத்தியபின் அதே அளவு மருந்திலேயே டி.எஸ்.எச். இறங்கியது. இந்தத் தொற்று நம் நாட்டில் மிகப் பரவலானது. வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதும் இதே விளைவைத் தரலாம். இடைவெளியைச் சரியாகக் காத்தும் அளவு ஏறிக்கொண்டே போகிறது என்றால், நேரத்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

என் எண்களைச் சொல்கிறேன். இரவுக்கு மாறும் முன் எடுத்த கடைசிப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 6.8, மாறி எட்டு வாரம் கழித்து 3.1, அதற்குப் பின் எடுத்த நான்கு பரிசோதனைகளிலும் 2-க்கும் 3.5-க்கும் நடுவே நின்றிருக்கிறது, மருந்தும் 100-லிருந்து 88 மைக்ரோகிராமுக்குக் குறைந்திருக்கிறது. இதை இரவின் வெற்றி என்று முழுதாக எழுதிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நகர்த்தியதும் அதே மாதத்தில்தான். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளில் மாத்திரை தவறிய இரவுகள் ஐந்தோ ஆறோதான், காலையில் எடுத்தபோது இடைவெளி கெடாத வாரமே இருந்ததில்லை. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்தில் எனக்கு இதுதான் எடை கூடிய காரணம். வெளியூர்ப் பயணத்தில் மட்டும் இரவு முறை தடுமாறுகிறது. கல்யாண வீட்டில் ஒன்பது மணிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், அன்று மாத்திரையை மறுநாள் விடியற்காலைக்குத் தள்ளிவிடுகிறேன்.

கர்ப்பிணிகளைப் பற்றியும் இதயநோய் உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல எனக்கு அனுபவம் கிடையாது. கர்ப்ப காலத்தில் தைராக்சின் தேவையே கூடும், அளவை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தாமாக எதையும் மாற்றக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறி, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டி.எஸ்.எச். ஒரே நாளுக்குள்ளும் ஏறி இறங்கும் என்பதால் முந்தைய பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த அதே நேரத்தில் கொடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.

என் மாமியாரும் தைராக்சின் சாப்பிடுகிறார். அவர் நாலரைக்கு எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, வாசல் தெளித்துக் கோலமிட்டு, குளித்து விளக்கேற்றிய பிறகுதான் காபியைத் தொடுவார். அதற்குள் ஆறரை ஆகிவிடும். இரவுப் பாலையும் அவர் விடமாட்டார். அவரைக் காலையிலிருந்து மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.