மேலே களிமண், கீழே பாத்ரூம் டைல்ஸ்: ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் டிராக் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை. டிராக்கின் பெரிய மேட்டிலிருந்து ஒரு டைல்ஸ் துண்டு எட்டிப் பார்த்தது. வெள்ளையில் நீலப்பூ போட்ட பாத்ரூம் டைல்ஸ். காலால் தட்டினேன், அசையவில்லை. மம்பட்டி எடுத்து ஓரடி ஆழம் வெட்டினேன். சிமெண்ட் ஒட்டிய செங்கல், கிழிந்த சாக்கு, உடைந்த பைப் எல்போ என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யார் வீட்டுக் குளியலறையையோ இடித்து என் புரையிடத்தில் கொட்டியிருக்கிறார்கள். இதற்கு நான் கொடுத்தது 85,000 ரூபாய்.

தக்கலைக்குப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஏறக்குறைய ஐந்து சென்ட் சும்மா கிடந்தது. வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கிய 1/10 ஸ்கேல் பக்கி, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில் மண்ணில் ஓட்டும் ரிமோட் கார் ஒன்று பெட்டியிலேயே தூங்கியது. அக்கா மகன் ஏப்ரல் லீவுக்கு வந்தவன் அதை எடுத்து ரோட்டில் ஓட்ட, ஆட்டோக்காரர் ஒருவர் கத்திவிட்டுப் போனார். அப்போதுதான் பின்புறம் மண் டிராக் போடலாம் என்ற ஆசை வந்தது. 60 அடி நீளம், 35 அடி அகலம். இரண்டு மேடு, ஒரு இரட்டைத் தாவல் (அடுத்தடுத்த இரு மேட்டை ஒரே பாய்ச்சலில் தாண்டுவது), திருப்பத்தில் சாய்ந்த கரை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தோட்டம், புல்தரை போடும் வேலை செய்பவர், 'ஆர்சி டிராக்கும் உண்டு' என்றார். போனில் பத்துப் பன்னிரண்டு படம் காட்டினார். அருமையான டிராக்குகள். அதில் ஒன்றில் எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டு நின்றார்கள், பின்னால் பைன் மரம். குமரி மாவட்டத்தில் கம்பளிக் கோட்டு எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"சாரே, நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம். நல்ல குளத்துக் களிமண்ணா இறக்கித் தாறேன்" என்றார். ஒரு பையில் சாம்பிளும் கொடுத்தார். அதைச் சோதித்தேன், அந்த மட்டுக்கு நான் புத்திசாலிதான். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள்வரை கலங்கியே நிற்கும். சாம்பிள் மறுநாள் காலையிலும் சாயா நிறத்தில் நின்றது. திருப்தியாகிவிட்டேன். சாம்பிள் வேறு, லோடு வேறு என்பது பிறகுதான் புரிந்தது. டிப்பரில் வந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட எனக்குத் தோன்றவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்று அதில்தான் தொடங்கியது. 2,100 சதுர அடிக்கு நாலு அங்குலம் என்றால் 700 கன அடி, அதாவது 7 யூனிட். இடித்து இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் 9 யூனிட் வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சு. யூனிட்டுக்கு 4,000, மண்ணுக்கு மட்டும் 36,000. ஒரு டிப்பர் ஒன்றரை யூனிட், ஆறு லோடு. முதல் லோடு வந்து நின்றபோது அக்கா மகன் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான். நீளம் 8 அடி, அகலம் 5, உயரம் இரண்டரை. "மாமா, பெருக்கினா நூறுதான் வருது. ஒரு யூனிட்தானே?" நான் அவனை அதட்டினேன். பெரியவர்களை இப்படிச் சந்தேகப்படக்கூடாதாம்! அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மண் வண்டிக்கு நடைச்சீட்டு (மண் கொண்டுபோக அரசு தரும் அனுமதிச் சீட்டு) வேண்டுமே என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பில்லும் இல்லை. மறுநாள் அம்மாவின் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போனோம், அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு. இரண்டு நாள். மிச்ச லோடு எல்லாம் அந்த இரண்டு நாளில், அதுவும் இருட்டின பிறகு இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்திருக்கிறார். "மக்களே, கல்லு உருளுத சத்தம்லா கேட்டுது" என்றார், எல்லாம் முடிந்த பிறகு. திரும்பி வந்தபோது டிராக் வழவழவென்று கிடந்தது. மீதிப் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் ஓட்டினோம். குறை அப்போதே தெரிந்தது. மேட்டின் ஏறும் முகத்தை வேகத்தடை மாதிரி செங்குத்தாக வைத்திருந்தார். ஒன்றரைக் கிலோ வண்டி அதில் மோதிப் பின்பக்கம் தூக்கி மூக்கால் விழுந்தது. ஏறும் முகம் நீளமாக, மெல்ல உயர வேண்டும். இறங்குமிடமும் சரிவாக இருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. முதல் வாரத்திலேயே முன் சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் இரண்டு போயிற்று. சரி, இதை நாமே மம்பட்டியால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டோம்.

ஜூனில் தென்மேற்கு மழை வந்ததும் சங்கதி வெளிப்பட்டது. களிமண் ஒன்றரை அங்குலத்துக்குத் தோல் மாதிரிதான் இருந்தது. அது கரைந்து கிணற்றுப் பக்கம் ஓடியது, கீழே சரலும் இடிபாடும். தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவும் வைக்கவில்லை. நம்மூரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இங்கே வாட்டம் இல்லாத டிராக் குளம்தான். அக்கா மகன் செருப்பில்லாமல் வண்டியை எடுக்கப் போய் கண்ணாடிச் சில்லு ஏறி, தையலும் ஊசியும் போட வேண்டியதாயிற்று.

போன் செய்தேன். "மழை விடட்டும் சாரே, வாறேன்." பிறகு எடுக்கவே இல்லை. என் கையில் இருக்கும் ஆதாரம் அட்வான்ஸ் 40,000 அனுப்பிய ஜிபே பதிவும், டைல்ஸ் படங்களும்தான். மீதி 45,000 கையில் கொடுத்தது, அதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தயாராகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

என்னை மாதிரி யாராவது டிராக் போடக் கொடுத்திருந்தால், கடைசித் தவணைக்கு முன்னால் நாலு இடத்தில் ஓரடிக் குழி வெட்டிப் பாருங்கள், பெரிய மேட்டின் நடுவிலும் சேர்த்து. ஒப்பந்தக்காரர் கோபப்பட்டால் படட்டும். ஒவ்வொரு லோடும் நீங்கள் நிற்கும்போது, வெளிச்சத்தில் இறங்க வேண்டும். வெறும் களி மட்டும் போட்டால் வெயிலில் வெடித்துவிடும், செம்மண் கொஞ்சம் கலக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் சரல் கலக்கக்கூடாது, டயரைத் தின்றுவிடும்.

இப்போது நானும் அக்கா மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் இடிபாட்டைக் கடவத்தில் அள்ளி மதிலோரம் குவிக்கிறோம். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எனக்கு அனுப்பினார். 'எங்கள் வேலை' என்று ஒரு படம், வழவழவென்று ஒரு டிராக். இடது ஓரத்தில் சாய்ந்த தென்னை, அதன் பின்னால் நீல வாளி தொங்கும் கிணறு. கிணறு எங்களுடையது, வாளி அம்மாவுடையது. அந்தப் படத்தை யாராவது உங்களிடம் காட்டினால் முதல் மழை வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.