அலியா, ராபின்சனா? ரிங்குக்குள் யார் பெரியவர்?

குத்துச்சண்டை வரலாற்றிலேயே தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் முகமது அலி என்ற பெயர்தான் முதலில் வந்து விழும். நம் ஊரில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980-ல் அவர் சென்னைக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். பாக்ஸிங்கை உயிராக நினைக்கும் வடசென்னையில் அந்தப் பெயருக்கு இன்றும் தனி மரியாதை. எனக்கும் அலி மீது அளவில்லாத அன்பு உண்டு. ஆனாலும் என் பதில், 1940-களிலும் 50-களிலும் கொடிகட்டிப் பறந்த அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சன்தான்.

எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் அலி மறுத்தார். பட்டம் பறிபோனது. 25 வயதில் நின்ற ஆட்டம் 28 வயதில்தான் மறுபடி தொடங்கியது. உடம்பை மூலதனமாகக் கொண்ட ஒருவர் தன் உச்ச காலத்தையே கொள்கைக்காகக் கொடுத்தார். இதையும் கணக்கில் சேர்த்தால் அலிக்குப் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. நான் பேசுவது நான்கு கயிறுகளுக்குள் நடந்ததை மட்டும்.

மற்ற போட்டியாளர்களையும் பார்த்துவிடலாம். ஜோ லூயிஸ் 25 முறை ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தைக் காத்தவர், ஆனால் ஒரே எடைப் பிரிவில். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மொத்தமே எட்டுப் பிரிவுகள் இருந்த 1938-ல் மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அவரை மூன்றாம் இடத்தில் வைக்கத் தயங்க மாட்டேன். ஹாரி கிரெப், பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே மனிதர், ஆனால் அவர் போட்ட சண்டை ஒன்றுகூடப் படமாகக் கிடைக்கவில்லை. பார்க்காத ஆட்டத்தை எப்படி ஒப்பிடுவது? ஃபிளாய்ட் மேவெதரின் 50-0, அதாவது 50 வெற்றி, தோல்வியே இல்லை என்பது பிரமாதமான கணக்கு. அதில் ஐம்பதாவது ஆள், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அன்றுதான் முதல்முறை இறங்கிய கோனர் மெக்ரிகர். பிலிப்பைன்ஸின் நட்சத்திர வீரர் மேனி பாக்கியோவைக்கூட 2015 வரை தள்ளிப்போட்டுத்தான் சந்தித்தார். தற்காப்பில் அவர் மேதை. ஆபத்தைத் தேடிப் போனவர்களோடு அவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மிஞ்சுவது இருவர். எதிராளிகளின் தரத்தைப் பார்த்தால் அலியின் கை ஓங்கியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஃபிளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறை முதல் ரவுண்டிலேயே சாய்த்த சானி லிஸ்டனை 22 வயதில் உட்கார வைத்தார். ஜோ ஃபிரேசியரிடமும் கென் நார்ட்டனிடமும் முதல் சந்திப்பில் தோற்றார். அந்த இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் தலா இரண்டே ரவுண்டுகளில் நொறுக்கினார். அந்த ஃபோர்மனை, 40 சண்டைகளில் தோல்வியே அறியாதவரை, 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி வாங்கியே களைக்கவைத்து எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார் அலி. ஹெவிவெயிட்டில் இதற்கு இணையான வெற்றி இல்லை.

இப்போது ராபின்சனின் கணக்கு. 1940-ல் தொடங்கி முதல் 40 சண்டைகளிலும் வெற்றி. 1943-ல் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் ஒரு தோல்வி. லமோட்டா அன்று இவரைவிட ஏறக்குறைய 7 கிலோ கூடுதல் எடை. மூன்றே வாரத்தில் அதே லமோட்டாவை அதே ஊரில் ஜெயித்தார். பிறகு 1951-ல் லண்டனில் ராண்டி டர்பின் ஜெயிக்கும்வரை எட்டு வருடங்கள் யாராலும் முடியவில்லை. டர்பினோடு மோதப்போன நாளில் அவர் கணக்கு 128 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா. வருடத்துக்கு இரண்டு சண்டை போடும் இன்றைய சாம்பியன்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள். எல்லோரும் பெரிய வீரர்கள் இல்லைதான். அந்தக் காலத்தில் பலர் அஞ்சிய சார்லி பர்லியோடு அவர் மோதவே இல்லை என்பதும் நியாயமான குறை. ஆனால் கிட் கவிலான், ஆங்காட், ஜிவிக், கிராசியானோ, நான்கு முறை போபோ ஓல்சன் என்று அவர் மோதிய உலக சாம்பியன்களின் வரிசையை யார் சாதாரணம் என்பார்கள்?

"19 தோல்விகள் இருக்கிறதே" என்பார்கள். அதில் 16, இரண்டு வருடம் ஓய்வெடுத்து, மேடையில் நடனமாடிவிட்டு, 1955-ல் திரும்பி வந்த பிறகு. பணத் தேவைக்காக 44 வயதுவரை ரிங்கில் நின்றார். சுமார் 200 சண்டைகளில் ஒரே ஒரு முறைதான் முடிக்க முடியாமல் நின்றார். 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில், தன்னைவிட 7 கிலோ கனமான லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்ஸிமோடு மோதினார். நடுவரே வெக்கை தாளாமல் பாதியில் மாற்றப்பட்ட சண்டை அது. மூன்று பாயின்ட் சீட்டுகளிலும் முன்னிலையில் இருந்த ராபின்சன் 13-வது ரவுண்டோடு சுருண்டார். அலியும் ஒரே ஒரு முறைதான் பாதியில் நிறுத்தப்பட்டார், 1980-ல் லாரி ஹோம்ஸிடம். ஆனால் அன்று அவர் ஒரு ரவுண்டைக்கூட ஜெயிக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானிப்பது ஆட்ட நுட்பம். அலி கையைத் தாழ்த்தி வைத்தார், குத்து வரும்போது தலையை நேராகப் பின்னுக்கு இழுத்தார், உடம்பில் அடிப்பதே அபூர்வம். அந்த வேகம் இருந்தவரை இதெல்லாம் அழகு. கால் தளர்ந்ததும் ஒவ்வொன்றும் அவரைச் சுட்டது. 1971-ல் ஃபிரேசியரின் லெஃப்ட் ஹூக் (இடது கையை வளைத்து விடும் குத்து) அவரைக் கீழே தள்ளியது. ராபின்சனிடம் அப்படி ஓர் ஓட்டை கிடையாது. இரண்டு கையிலும் நாக் அவுட் பலம், பின்னால் நகர்ந்துகொண்டே பலமாகக் குத்தும் திறமை, உடம்பிலிருந்து தலைக்கு ஏறும் தொடர் குத்துகள். எடைப் பிரிவைக் கடந்து வீரர்களை ஒப்பிடும் வழக்கமே அவரால்தான் பரவியது. அலியே அவரைத் தன் ஆதர்சமாக வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் இரண்டு பதிவுகளைப் பாருங்கள். ஒன்று, 1966-ல் அலி கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டுகளில் முடித்த சண்டை. அலியின் உச்சம் அதுதான். அடுத்தது 1957 மே 1, சிகாகோ, ராபின்சனும் ஜீன் ஃபுல்மரும் மோதிய ஐந்தாவது ரவுண்டு. நான்கு மாதம் முன்பு ஃபுல்மர் இவரை ஜெயித்திருந்தார். அதுவரை யாரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. 36 வயதை எட்ட இரண்டு நாள் இருந்த ராபின்சன், பின்னால் நகர்ந்தபடியே ஒரே ஒரு லெஃப்ட் ஹூக் விட்டார். பத்து எண்ணி முடித்த பிறகுதான் ஃபுல்மருக்கு என்ன நடந்தது என்பதே தெரிந்தது.