ஐந்து ரூபாய்க்குச் சில்லறை

கல்யாணம் நன்றாக நடந்தது, ஃபிளைட் நேரத்துக்கு வந்தது. அதையெல்லாம் எழுத எனக்குப் பொறுமையில்லை. எழுத உட்கார்ந்ததே திருச்சி - கும்பகோணம் பாதையில் ஒரு பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையைப் பற்றித்தான். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சர்க்கரை வந்து ஒன்பது வருடம். லண்டனில் முதலில் சாதா மெட்பார்மின் கொடுத்தார்கள்; ஒரு வாரம் வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த மாத்திரை வயிற்றைக் கலக்கும் என்று சொல்லி, மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றினார்கள். அங்கே அதன் பெயருக்குப் பின்னால் எம்.ஆர். என்று போட்டிருக்கும். இந்தத் தடவை அந்த மாத்திரையை அலமாரியிலேயே மறந்துவிட்டு வந்தேன். பையில் ஒரு காலி அட்டை மட்டும் கிடந்தது.

லண்டனில் டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை ஒன்றுகூடக் கைக்கு வராது. திருச்சி மருந்துக் கடையில் காலி அட்டையை நீட்டியதுமே எடுக்கத் திரும்பினார் அந்தப் பையன். 'ஆகா, நம்ம ஊர்' என்று பூரித்துப் போனேன்.

"எம்.ஆர்.னு போட்டிருக்கே, மெடிக்கல் ரெப்பா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "அதே 500தான் சார்" என்று ஓர் அட்டை கொடுத்தார். இங்கே அந்த வகைக்கு எஸ்.ஆர். என்று பெயர். அந்த இரண்டு எழுத்து அட்டையில் இருக்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, ஒன்பது வருடம் விழுங்கிக்கொண்டிருக்கும் நானும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, தூக்கம் கெட்டு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இராத்திரி மறந்த இரண்டையும் வெறும் காப்பியோடு போட்டுக்கொண்டேன்.

செங்கிப்பட்டி தாண்டும்போது வயிற்றில் முதல் புரட்டல். வல்லம் வருவதற்குள் கண்ணாடி ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஸ்டாண்டில் வண்டி நின்றதோ இல்லையோ, குதித்து ஓடினேன்.

வாசலில் மேசை போட்டு ஓர் அம்மா. "சின்னதா, பெருசா?" பெரிசுக்கு ஐந்து ரூபாய். என்னிடம் இருந்ததெல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். "சில்லறை இல்ல, ஜிபே பண்ணுங்க" என்று ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டினார். எனக்கு முன்னால் நின்ற பையன் ஃபோனைக் காட்ட, ஒலிபெருக்கிப் பெட்டி "ஐந்து ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே அறிவித்தது. என் லண்டன் ஃபோனில் அது வேலை செய்யாது. பவுண்டுத் தாள்கூட இருந்தது. அந்த நேரத்தில் அதற்கு என்ன மதிப்பு!

லண்டனில் பெரிய ரயில் நிலையங்களில் 2019லேயே கழிப்பறைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கதவருகில் நின்றபடி இது என் நினைவுக்கு வந்தது. (தெருவில் நடக்கும்போது அவசரம் வந்தால் அங்கேயும் காப்பிக் கடைதான் கதி. அது நினைவுக்கு வரவில்லை.)

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "நீ உள்ள போ தம்பி. காசு எங்க ஓடிடப் போவுது?"

வெளியே வந்தபோது பஸ் போய்விட்டது. என் பெட்டி பஸ்ஸிலேயே இருந்ததால் பதறினேன். கண்டக்டர் அதை டைம் ஆபீசில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"சுகர் மாத்திரையா? வெறும் வயித்துல போட்டியா?"

எப்படித் தெரியும் என்றேன். அவருக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஓடியதாம். "பாதி சோறு தின்னுட்டுப் போடு." அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வந்து கொடுத்துவிட்டுப் போகிறாராம். என் அப்பா இதே மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்.

கும்பகோணத்தில் கதையைச் சொன்னதும் சித்தி, "ஊர்த் தண்ணி ஒத்துக்கலடா" என்று முடித்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் தண்ணி, இல்லாவிட்டால் கேஸ். சித்தப்பாவின் வயிற்றையும் இரண்டு வருடம் கேஸ் என்றே சொல்லிவந்தார்கள். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். முந்தின நாள் சாப்பிட்டது காலையில் அப்படியே வாந்தியாக வரும். இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கை நடுங்கும். நடுராத்திரியில் பார்த்தால் சர்க்கரை 280. எண்டோஸ்கோபி செய்தபோது, இரவு முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றில் முந்தின நாள் கீரை இருந்தது. பல வருடச் சர்க்கரை, இரைப்பையை அசைக்கும் நரம்பையே கெடுத்திருந்தது. சோறு இறங்குமுன் இன்சுலின் வேலை செய்துவிடுகிறது. சோறு இறங்கும்போது இன்சுலின் தீர்ந்துவிடுகிறது. எண்டோஸ்கோபி இரண்டே நாளில் நடந்ததாம். லண்டனில் என் நண்பன் அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தான்.

கொடுமை என்னவென்றால், சர்க்கரைக்கு நல்லதென்று சித்தி தினமும் வற்புறுத்திக் கொடுத்த கீரையும் முழுத் தானியமும்தான் அந்த வயிற்றில் நகராமல் கிடந்தன. இப்போது குழைந்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. இன்சுலின் நேரத்தையும் டாக்டர் மாற்றியிருக்கிறார். சித்திக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "சுகர்காரருக்குக் குழைஞ்ச சோறா?"

திரும்பும்போது அதே ஸ்டாண்டில் வேண்டுமென்றே இறங்கிப் பத்து ரூபாய் கொடுத்தேன். மேசை டப்பாவைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"மீதி அஞ்சு ரூவா இல்ல தம்பி. அதுக்கு இன்னொரு தடவ போயிட்டு வந்துடு."