கடல் ஜந்துப் படம்: ஹார்பிஞ்சர் டவுனா, சீ ஃபீவரா?

ரெண்டுமே சின்ன பட்ஜெட், ரெண்டுமே மீன்பிடிப் படகுக்குள் நடக்கிற கதை. மட்டக்களப்புப் பக்கம் வாழைச்சேனையில் நிற்கிற பலநாள் படகொன்றில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கடி சட்டென்று பிடிபடும், ஓடி ஒளிய இடமே கிடையாது.

ஹார்பிஞ்சர் டவுன் (2015), அலாஸ்காப் பக்கத்துப் பெரிங் கடலில் நண்டு பிடிக்கப் போனவர்கள் பனிக்கட்டிக்குள் கிடந்த பழைய சோவியத் விண்கலத்தை ஏற்றிக்கொண்டு வம்பில் மாட்டுவது. இயக்குநர் அலெக் கில்லிஸ் படங்களுக்கு ஜந்து உருவங்கள் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர். கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் பொதுமக்களிடம் காசு திரட்டி, கணினி ஜந்து வேண்டாம் என்று பொம்மை, ஒப்பனை, சின்ன மாதிரிப் படகு என எல்லாம் கையாலேயே செய்தார். நடிப்பு சுமார்தான், ஆனாலும் அந்தக் கொழகொழப்பு கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும்.

சீ ஃபீவர் (2019) அயர்லாந்துப் படம், இயக்கம் நியாசா ஹார்டிமன். இதில் ஜந்து அதிகம் தலைகாட்டாது. படகின் அடியில் ஒட்டிக்கொள்ள, பலகை இளகி உள்ளே பசை கசியும், அப்புறம் குடிதண்ணீருக்குள் அதன் குஞ்சுகள். சிவப்பு முடிக்காரி ஏறினால் படகுக்கு ஆகாது என்று ஆட்கள் முகம் சுளிப்பது வேறு. கரைக்குத் திரும்பினால் தொற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்போமே என்ற சண்டைதான் உண்மையான பயம், அதுவும் 2019இல் விழாவில் காட்டிய படம் பொதுவாக வெளிவந்தது 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில்!

கூட்டாளிமாரோடு கத்திக்கொண்டு பார்க்க முதலாவது சரி. எனக்கு சீ ஃபீவர்தான், ஆனால் விடிய கடலுக்குப் போகிற மச்சானுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.